கப்பலில் ஏழு நாள்: ஏறுகிற எடையில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

ஹூஸ்டனிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வயது 44, எட்டு மாதத்தில் 87 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு இறங்கியிருக்கிறீர்கள், சர்க்கரைக்கு மெட்பார்மின் மட்டும், முட்டை சேர்த்த சைவம். அடுத்த மாதம் குடும்பத்தோடு கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து 7 இரவு கரீபியன் கப்பல் பயணம். "எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது, ஒரு பட்டியல் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, போன முறை கப்பலில் போய்வந்தபோது 4 கிலோ ஏறியதையும், அந்த வெறுப்பில் டயட்டையே கைவிட்டதையும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது. எட்டு மாத உழைப்பு ஏழு நாளில் போய்விடுமா, போகாமலிருக்க எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது. அதற்கே பதில் சொல்கிறேன். பட்டியலுக்கு வேண்டியதெல்லாம் போகிற வழியில் வந்துவிடும்.

முதலில் அந்த 4 கிலோவைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக உள்ளே போக வேண்டும். 76 கிலோ எடையில், உங்கள் வயதில், சாதாரண நடமாட்டத்தோடு ஒரு நாளைக்குச் சுமார் 1,900 கலோரி செலவாகும். ஏழே நாளில் 4 கிலோ கொழுப்பு சேர்ந்திருக்க வேண்டுமென்றால் நீங்கள் தினமும் 6,300 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். விருந்துச் சாப்பாட்டை மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டால்கூட அவ்வளவு வருவது கடினம். தினமும் 2,700 சாப்பிட்டிருந்தால், அதாவது 800 கூடுதலாக, ஏழு நாளில் 5,600 கலோரி. கொழுப்பாக அது முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. இப்போது குறைத்திருக்கிற 11 கிலோவும் ஒரே வாரத்தில் திரும்பிவர நாளொன்றுக்கு 12,000 கலோரி கூடுதலாகத் தேவை. அது நடக்காது. இந்தக் கணக்கு உறுதியானது, இதை நம்பிக் கப்பல் ஏறலாம்.

அப்படியானால் மீதி 3 கிலோ எங்கிருந்து வந்தது? மூன்று இடங்களிலிருந்து. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களின் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு பாதி காலியாக இருக்கும். கப்பலில் ரொட்டியும் சோறும் இனிப்பும் உள்ளே போனதும் அது நிரம்பும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். 300 கிராம் நிரம்பினாலே எடை 1.2 கிலோ ஏறிவிடும். அடுத்தது உப்பு. உடல் திரவத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்பு இருக்கிறது. பெரிய சமையலறையில் சூப், சாஸ், சீஸ், ரொட்டி என்று எல்லாவற்றிலும் உப்பு தாராளம். ஓரிரு நாளில் 9 கிராம் கூடுதலாகத் தேங்கினால், சிறுநீரகம் அதை வெளியேற்றும்வரை ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்து தேங்கும், அது ஒரு கிலோ. மூன்றாவது குடலில் இருப்பது. காய்கறி குறைந்து, மைதா கூடி, தண்ணீர் குடிப்பதும் குறைந்தால் மலச்சிக்கல் வரும், அரைக் கிலோவுக்கு மேல் அங்கேயே நிற்கும். இந்த மூன்றும் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய நாலிலிருந்து ஏழு நாளில் தானாக இறங்கிவிடும். போன முறை திரும்பிய மறுநாள் காலையிலேயே மெஷினில் ஏறி, தண்ணீரைக் கொழுப்பென்று நினைத்து மனம் தளர்ந்திருக்கிறீர்கள்.

இந்த விளக்கத்துக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, எடை ஏறுவதோடு மூச்சு வாங்கினாலோ, அதை உப்புத் தண்ணீர் என்று விட்டுவிடக்கூடாது. கப்பலிலேயே மருத்துவர் இருப்பார், உடனே காட்டுங்கள். இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மிகையாகச் சாப்பிடுவதற்குக் காரணம் மன உறுதி இல்லாததுதான் என்று பலரும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். பஃபேயில் நம்மை அப்படிச் சாப்பிட வைப்பது வேறொன்று. ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிடும்போது அந்தச் சுவையின் மேல் ஆசை குறைகிறது, ஆனால் வேறொரு சுவை வந்ததும் பசி மறுபடி விழித்துக்கொள்கிறது. வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில் கலந்துகொண்டவர்கள், ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். கப்பல் பஃபேயில் நான்கு வகை அல்ல, எண்பது வகை இருக்கும். ஆகவே அளவைக் குறைக்க முயல்வதைவிட வகையைக் குறைப்பது எளிது, அதிகப் பலனும் தரும். தட்டை எடுக்காமல் வெறுங்கையோடு ஒரு முறை முழுக்கச் சுற்றி வாருங்கள். பிறகு மாவுப் பொருளில் ஒன்று, புரதத்தில் ஒன்று அல்லது இரண்டு என்று முடிவு செய்து எடுங்கள். காய்கறியில் மட்டும் எத்தனை வகை வேண்டுமானாலும் எடுக்கலாம், அங்கே வகை கூடுவது உங்களுக்கு நன்மைதான். சோறு எடுத்த வேளையில் 'நான்' ரொட்டியும் பாஸ்தாவும் வேண்டாம், அவை நாளைக்கும் இருக்கும். உட்காரும்போது உணவு வரிசைக்கு முதுகு காட்டி, சன்னல் பக்கம் உட்காருங்கள். சின்னத் தட்டு எடுத்தால் குறைவாகச் சாப்பிடுவோம் என்று பரவலாகச் சொல்வது மட்டும் சந்தேகத்துக்குரியது. பிற்கால ஆய்வுகளில் அது சீராக நிலைநிற்கவில்லை. பஃபேயில் இரண்டாம் முறை போவதற்கு யாரும் தடை சொல்வதில்லை அல்லவா.

உங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கப்பலில் சைவம் என்று கண்ணில் முதலில் படுவதெல்லாம் மைதாவும் சீஸும்தான். பீட்சா, பாஸ்தா, ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், சீஸ் தட்டு. ஒரு துண்டு பீட்சா 270 கலோரிக்குக் குறையாது, 30 கிராம் சீஸ் 120. புரதம் குறைவாக, மாவு அதிகமாகச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், சர்க்கரையும் ஏறும். அதனால் ஒவ்வொரு வேளையும் "இன்று புரதம் எது?" என்று முதலில் தேடுங்கள். காலையில் ஆம்லெட் போட்டுத் தரும் இடம் பெரும்பாலான கப்பல்களில் உண்டு. இரண்டு முட்டை, வெங்காயம், தக்காளி, குடமிளகாய், பச்சை மிளகாய் இருந்தால் அதுவும், எண்ணெய் கொஞ்சமாக என்று சொல்லுங்கள், 200 கலோரியில் முடியும். அதோடு இனிப்புச் சேர்க்காத தயிர் ஒரு கிண்ணம், பப்பாளி அல்லது தர்பூசணி. பழச் சுவையூட்டிய தயிரில் சர்க்கரை இருக்கும். ஒரு பெரிய மஃபின் 400 கலோரியைத் தாண்டும், குவாசான் 250 அளவு. ஆரஞ்சு ஜூஸ் 200 மில்லியில் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது, பழமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குப் பல கப்பல்களின் பஃபேயில் இந்திய உணவு இருக்கும், பருப்பும் கொண்டைக்கடலையும் பனீரும் கிடைக்கும். ஆனால் அந்தக் குழம்புகளில் கிரீமும் வெண்ணெயும் கைதாராளமாக ஊற்றியிருப்பார்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. மேலே மிதப்பதை ஒதுக்கிவிட்டு, பனீர்த் துண்டுகளையும் கடலையையும் வடித்தாற்போல எடுங்கள். வெந்த சோறு ஒரு கப் 200 கலோரி, உங்களுக்கு அது போதும். சாலட் எடுக்கிறவர்கள் ஏமாறுவது அதன் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்கில். கிரீம் வகையில் இரண்டு மேசைக்கரண்டி 140 கலோரி வரை போகும், கரண்டியால் அள்ளி ஊற்றினால் அதைவிடக் கூடும். எலுமிச்சையும் மிளகுத்தூளும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது நம் நாக்குக்கும் பொருந்தும்.

இரவு உணவுக்கு பஃபேயை விட்டு, மெனு பார்த்துப் பரிமாறும் பெரிய டைனிங் ரூமுக்குப் போங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே தட்டு அளவாக வரும், வரிசையாக வரும், வருகிற இடைவெளியில் வயிறு நிறைந்த உணர்வு மூளைக்கு எட்ட நேரம் கிடைக்கும். நேரம் குறித்த மேசையைத் தேர்ந்தெடுத்தால் ஏழு இரவும் பெரும்பாலும் அதே வெயிட்டர்தான் வருவார். முதல் இரவே மூன்று செய்திகளை அவரிடம் சொல்லிவிடுங்கள்: முட்டை சேர்த்த சைவம், சாஸ் தனிக் கிண்ணத்தில், ரொட்டிக் கூடையை மேசையில் வைக்க வேண்டாம். ரொட்டி உருண்டை ஒன்று 80இலிருந்து 100 கலோரி, வெண்ணெயோடு இன்னும் 35. பசியோடு காத்திருக்கும்போது மூன்று போவது தெரியாது. மெயின் டிஷ்ஷுக்குப் பதிலாக இரண்டு ஸ்டார்ட்டர் கேட்கலாம், அரைப் பங்கும் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இந்தியச் சைவ உணவு வேண்டுமென்று பயணத்துக்கு முன்பே முன்பதிவில் குறிப்பு சேர்த்து, கப்பலில் ஏறிய முதல் நாள் தலைமை வெயிட்டரிடம் நேரிலும் சொல்லுங்கள். அன்றன்று கேட்டால் சில நேரம் கிடைக்காது, முந்தைய இரவே சொன்னால் பருப்பும் சப்பாத்தியும் செய்து வைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் கவனிக்க வேண்டியது. மாலை 5:30 வாக்கில் ஒரு பந்தி, 8 மணி வாக்கில் இன்னொன்று என்று வைத்திருப்பார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தால் 7 மணிக்கு முடிந்துவிடும், கலை நிகழ்ச்சி பார்த்துவிட்டு 10 மணிக்கு வரும்போது பசிக்கும், அப்போது திறந்திருப்பது பீட்சாக் கடைதான். இரண்டாம் பந்தி என்றால் மாலை 5 மணிக்குக் கேக்கும் காபியும் இழுக்கும். வீட்டில் நீங்கள் சாப்பிடும் நேரத்துக்கு எது பக்கமோ அதை எடுங்கள். முதல் பந்தியானால் இரவு 9 மணிக்கென்று ஒரு ஆப்பிளும் தயிரும் முன்கூட்டியே திட்டத்தில் இருக்கட்டும். இரண்டாம் பந்தியானால் 5 மணிக்குக் கைப்பிடி பாதாம், 30 கிராம், 170 கலோரி. டெசர்ட்டை அறவே விலக்க வேண்டாம். ஏழு இரவில் மூன்று இரவு என்று முதல் நாளே நாள் குறித்துவிடுங்கள், அந்த மூன்று இரவும் மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை சேர்க்காதது என்று மெனுவில் இருப்பதை நம்பித் தினமும் எடுப்பது தவறு. மாவும் பாலும் அதில் அப்படியேதான் இருக்கின்றன. இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிடால் போன்றவை வயிற்றை உப்பவைத்துப் பேதியாக்கவும் கூடும்.

கலோரி ஏறுவதில் எனக்கு அதிகக் கவலை தருவது குடிப்பது. 330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. பினா கொலாடா போன்ற உறைந்த காக்டெயில் டம்ளரின் அளவைப் பொறுத்து 300இலிருந்து 500 வரை, மது சேர்க்காமல் வாங்கினாலும் பெரிதாகக் குறையாது, தேங்காய்க் கிரீமும் சர்க்கரைப் பாகும் அப்படியே இருக்கும். இப்படி இரண்டு குடித்தால் ஒரு வேளைச் சாப்பாடு, ஆனால் வயிறு நிறையாது. பானங்களுக்கு முன்பணம் கட்டும் பேக்கேஜ் வாங்கினால் கட்டிய பணத்துக்குக் கணக்குத் தீர்க்கவே நாளுக்கு ஐந்தாறு குடிக்கத் தோன்றும், ஆகவே உங்களுக்கு அது வேண்டாம். கப்பலின் குழாய்த் தண்ணீர் சுத்திகரித்துப் பரிசோதிக்கப்படுவது, பாட்டிலில் நிரப்பிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போடாத ஐஸ் டீயும் கறுப்புக் காபியும் இலவசமாகவே கிடைக்கும்.

"சாப்பிட்டதைப் படியேறிக் கரைத்துவிடலாம்" என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஒரு தளம் ஏற உங்கள் எடைக்கு இரண்டரைக் கலோரி செலவாகும். பத்துத் தளம் ஏறினால் 25, ஒரு குவாசானில் பத்தில் ஒரு பங்கு. நடை கொஞ்சம் பரவாயில்லை, ஒரு கிலோமீட்டருக்கு 55 கலோரி அளவு. பெரிய கப்பல்கள் 360 மீட்டர் நீளம் வரை இருக்கின்றன, அறையிலிருந்து சாப்பாட்டுக்கும் அரங்குக்கும் போய் வருவதிலேயே நல்ல நடை வரும். நடையை எடைக்காகச் செய்வதைவிடச் சர்க்கரைக்காகச் செய்யுங்கள். சாப்பிட்டு எழுந்ததும் 15 நிமிடம் மேல்தளத்தில் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது, இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மூன்று வேளைக்குப் பிறகும் முடியாவிட்டால் இரவு உணவுக்குப் பிறகாவது நடங்கள். கரையில் இறங்கும் நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அன்று தானாக நடந்துவிடுவீர்கள். பழங்களைக் கப்பலிலிருந்து கரைக்கு எடுத்துப்போக வேளாண் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பொதி பிரிக்காத கடலை, பாதாம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பசியும் பலகாரமும் பெரிதாகத் தெரிவது கரையே தொடாத கடல் நாட்களில்தான். நேரம் போக வேறு வழியில்லாமல் மனிதர்கள் சாப்பிடப் போகிறார்கள். அந்த நாட்களுக்குக் காலை, மாலை என்று சாப்பாடு அல்லாத ஒரு வேலையை முன்பே குறித்துவைப்பது எந்த டயட்டையும்விட உதவும்.

மருந்து விஷயம். மெட்பார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை திடீரென்று ஆபத்தாக இறங்குவது அரிது. சாப்பாட்டோடு வழக்கமான நேரத்தில் தொடருங்கள், அதிகம் சாப்பிட்ட நாளில் இன்னொரு மாத்திரை போடுவது கூடாது. கிளிமெபிரைடு போன்ற, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் உடன் வந்தால் அவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் வெறும் வயிற்றில் மது அருந்துவதும் ஆபத்து. காலை உணவைத் தவிர்த்து 16 மணி நேரம் பட்டினி இருக்கும் முறையும் அவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கப்பலில் வாந்தி பேதி வந்து தண்ணீரும் நிற்காவிட்டால் மெட்பார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை உங்கள் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் இங்கிருந்து நான் சொல்ல முடியாது. கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாந்தி பேதிக்குக் கப்பலில் பெரும்பாலும் காரணமான நோரோ வைரஸுக்கு, கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் போதாது. பஃபேயின் பொது இடுக்கியைத் தொட்டபின், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடல் குமட்டலுக்கு வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே கெடுதல். உப்பு பிஸ்கட்டும் ஆப்பிளும் சிறுகச் சிறுக உதவும்.

இனி எடை பார்ப்பது. கிளம்பும் நாள் காலை, கழிப்பறை போய்வந்த பின், வெறும் வயிற்றில் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் ஜிம்மில் உள்ள மெஷினில் ஏற வேண்டாம், ஆடும் தளத்தில் அது சரியாகக் காட்டாது. திரும்பியதும் முதல் ஆறு காலை மெஷினைத் தொடாதீர்கள். ஏழாம் காலை, அதே மெஷினில், அதே முறையில் பாருங்கள். அப்போது கூடியிருப்பதுதான் ஏறக்குறைய உண்மையான கணக்கு. நான் மேலே சொன்னபடி நீங்கள் இருந்தால் அது அரைக் கிலோவைச் சுற்றி இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன், இது என் கணிப்பு மட்டுமே.

அந்த அரைக் கிலோவைச் சின்னதென்று விட்டுவிடக்கூடாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்று முதல் மூன்று வாரம் விடுமுறை போன 122 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சராசரியாக ஏறியது 0.3 கிலோதான், ஆனால் ஆறு வாரம் கழித்தும் அது இறங்கவில்லை. அது கப்பல் பயணத்துக்கென்று செய்த ஆய்வு இல்லை, எல்லா வகை விடுமுறையும் கலந்தது. ஆனாலும் போன முறை உங்களுக்கு நடந்ததோடு அது பொருந்துகிறது. உங்களை மறுபடி 87க்குக் கொண்டுபோனது கப்பலில் கழித்த ஏழு நாள் அல்ல, வந்த பிறகு டயட் இல்லாமல் போன மாதங்கள். அதனால் கிளம்புமுன்பே திரும்பி வரும் நாளுக்கான வேலையைச் செய்துவையுங்கள். ஃபிரீசரில் இரண்டு நாளுக்கான சாம்பாரோ பருப்போ, சுத்தம் செய்த பீன்ஸ் ஒரு பை, ஒரு டஜன் முட்டை. திரும்பிய இரவு களைப்பில் வெளியில் வாங்காமலிருக்க இது போதும். மறுநாள் பட்டினி கிடந்து "டீடாக்ஸ்" செய்ய வேண்டாம், அது மூன்றாம் நாள் அகோரப் பசியில் முடியும். பயணத்துக்கு முந்தைய வாரம் சாப்பிட்ட அதே சாப்பாடு, அதே அளவு. ஏழாம் காலையில் ஒரு கிலோவுக்கு மேல் நின்றால் அடுத்த மூன்று வாரம் நாளுக்கு 300 கலோரி குறைத்தால் முக்கால் கிலோவுக்கு மேல் இறங்கும். இரண்டு கிலோவுக்கு மேல் நின்றால், காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று நாள் தொடர்ந்து பார்த்து, அந்த எண்களோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.